ஒளிரும் வேதியியல் படித்தால் வேலை கிடைக்குமா?

குளச்சல் அண்ணாச்சிக்கு வணக்கம்.

மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம், மேலே ஏதோ ஒளிரும் பொருள், சென்சார் என்கிறாள், பேசாமல் பி.எட். சேர்த்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். பி.எட். எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் பிள்ளை சொல்வது என்னவென்று பார்ப்போம்.

கடைகளில் கள்ளநோட்டு பார்க்க ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, அதன் அடியில் சானிடைசரில் கரைத்த மஞ்சள்தூளைப் பிடித்துப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். மஞ்சளில் உள்ள குர்குமின், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. இந்த மாதிரிக் கரிமச் சேர்மத்தோடு இன்னொரு பொருள் சேரும்போது ஒளியின் நிறமோ அளவோ மாறலாம். அந்த மாற்றத்தை வைத்து, வந்தது எது, எவ்வளவு என்று சொல்வதுதான் சென்சார்.

உங்கள் மீன் தொழிலுக்கே வருகிறேன். நீங்கள் செவுளைத் தூக்கிப் பார்த்தே சூரை மீன் பழசா புதுசா என்று சொல்லிவிடுவீர்கள். மீன் கெடும்போது அமோனியா, ட்ரைமெத்திலமைன் போன்ற ஆவிகள் வரும். ஒளிரும் சாயம் ஏற்றிய காகிதத் துண்டில் அவை பட்டால் ஒளி மாறும். ஆய்வகங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2018-ல் கேரளாவில் கெடாமலிருக்க ஃபார்மலின் ரசாயனம் போட்ட மீன் பிடிபட்டபோது கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் சோதனைக் காகிதம் பேசப்பட்டது நினைவிருக்கும். அது வெறும் நிற மாற்றம். ஒளியை அளந்தால் பொதுவாக இன்னும் குறைந்த அளவையும் பிடிக்க முடியும்.

இதில் ஒரு பழைய தலைவலி உண்டு. பல சாயங்கள் நெருங்கிக் கூடினால் மங்கிவிடும். 2001-ல் ஹாங்காங்கில் பென் ஷோங் டாங் குழுவினர் நேர்மாறாக, கூடினால் ஒளிரும் மூலக்கூறுகளை விளக்கினார்கள். தனியாக இருக்கும்போது அவை கைகளைச் சுழற்றியே வாங்கிய ஆற்றலைத் தொலைத்துவிடும். காலை எட்டரை மணி மார்த்தாண்டம் பஸ்ஸில் யாராவது கையை வீச முடியுமா? அப்படி நெரிந்து நிற்கும்போது ஆற்றல் ஒளியாக வெளியே வருகிறது. பிள்ளைக்கு ஏன் இதில் ஆசை என்று எனக்குப் புரிகிறது.

சரி, வேலை? “ஒளிரும் சென்சார் நிபுணர் தேவை” என்று விளம்பரம் வராது. நான் மழுப்பப் போவதில்லை. சேர்மத்தைத் தயாரிக்கவும் சுத்தப்படுத்தவும் தெரிந்த, என்.எம்.ஆர்., ஃப்ளூரிமீட்டர், எச்.பி.எல்.சி. போன்ற ஆய்வுக் கருவிகளைக் கையாளத் தெரிந்த வேதியியலாளருக்குத்தான் வேலை. மருந்து நிறுவனம், உணவுப் பரிசோதனைக் கூடம், மீன் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு, நோய்ப் பரிசோதனைக் கிட் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். வெறும் எம்.எஸ்சி.யோடு நின்றால் ஆரம்பச் சம்பளம் சுமார்தான்.

ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். கிடைக்காவிட்டால் நாகர்கோவிலிலேயே எம்.எஸ்சி. படிக்கட்டும், குறைவொன்றும் இல்லை. அப்புறம் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் இருக்கும் நிஸ்ட் (NIIST), ஒளிவேதியியலில் பெயர் பெற்ற மத்திய ஆய்வகம். பிள்ளை வாராவாரம் வீட்டுக்கு வந்து போகலாம். உதவித்தொகை இல்லாமல், கைக்காசு போட்டு பிஎச்.டி. சேர மட்டும் விடாதீர்கள். அப்படிச் சேர்ந்து பாதியில் நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவள் ஒன்று கேட்கட்டும்: “உங்கள் சாயம் தண்ணீரில் வேலை செய்கிறதா?” பாதரசம் கண்டுபிடிக்கும் சென்சார் என்று கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பல, சுத்தமான கரைப்பானில் மட்டும் மின்னும். மீன் சாற்றிலோ தானாகவே ஒளிரும் பொருட்கள் இருக்கின்றன, அவை கணக்கைக் குழப்பும். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் ஆளிடம் ஐந்து வருடம் ஓட்ட முடியாது.

கல்யாண வயசு பற்றி எழுதியிருந்தீர்கள். அதை என்னிடம் கேட்பதைவிட அவளிடம் கேளுங்கள். பி.எட். விண்ணப்பத்தை வேண்டுமானால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவளிடம் சொல்லிவிட்டு. சனிக்கிழமை ஏலம் முடிந்ததும் இரண்டு பேரும் வாருங்கள். மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வாருங்கள்.