எழுதிய நோட்டை வாசிக்க வைப்பது எப்படி? – கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பாடகர் குழுக்களும் பேண்டுக்காரர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே மியூஸ்ஸ்கோர் 4 பற்றியவை. இசைக் குறிப்பைக் கணினியில் எழுதி, அதை வாசித்தும் காட்டும் மென்பொருள் அது. 2022 டிசம்பரில் வந்த பதிப்பு இது, இலவசமாகவே கிடைக்கிறது.

அக்கா, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நாலு குரலும் (பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களின் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ்) எழுதிவிட்டேன். ஆல்டோ பாடுகிறவர்களுக்கு அவர்கள் பகுதியை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகையில் சோப்ரானோவை அணைத்தால் ஆல்டோவும் சேர்ந்து போய்விடுகிறது. (மஞ்சக்குப்பம்)

பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இரண்டு ஸ்டாஃபில் (நோட்டு எழுதும் ஐந்து கோட்டு வரிசையில்) எழுதியிருக்கிறீர்கள், இல்லையா? மிக்சருக்கு வாத்தியம்தான் கணக்கு. ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல் இருந்தால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் பயிற்சிக்கென்று நாலு ஸ்டாஃபோடு ஒரு பிரதி செய்துகொள்ளுங்கள். தேர்வு வடிகட்டியில் இரண்டாம் குரலை மட்டும் விட்டுவைத்து நகலெடுத்தால், ஆல்டோ மட்டும் புது ஸ்டாஃபுக்கு வந்துவிடும்.

அப்புறம் எஃப் 10 அழுத்தி மிக்சரைத் திறங்கள். மற்ற மூன்று குரல்களையும் முழுக்க அணைக்காதீர்கள். தன் பகுதியை மட்டுமே கேட்டுப் பழகியவர், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் சோப்ரானோ எழும்பியதும் அந்த மெட்டோடு போய்விடுவார். ஆல்டோவை இடது காதுக்கும் மற்ற மூன்றையும் வலது காதுக்கும் திருப்பிவிட்டு எம்பி3 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். முதலில் இரண்டு காதிலும் ஹெட்போன் வைத்துப் பழகட்டும். பாடம் வந்ததும் இடது காதில் இருப்பதை எடுத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து பாடிப் பார்க்கட்டும். ஆல்டோ நிலைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

டெனர் பெண்குரல் உயரத்தில் கேட்டால், ஸ்டாஃபின் தொடக்கத்தில் வரும் குறியாக, அடியில் 8 போட்ட ட்ரெபிள் கிளெஃபை வையுங்கள். ஒரு ஸ்தாயி இறங்கிவிடும்.

நாலு சரணம் இருக்கிறது. ஒருமுறை வாசித்துவிட்டு நின்றுவிடுகிறது. கடைசியில் டி.சி. (தொடக்கத்துக்குத் திரும்பு என்ற குறி) என்று தட்டச்சு செய்தும் திரும்பிப் போகவில்லை. (முத்தியால்பேட்டை)

தட்டச்சு செய்தது அதற்கு வெறும் எழுத்து. மறுவாசிப்புக் குறிகள் இருக்கும் தட்டில் இருந்து டி.சி.யை எடுத்துப் போடுங்கள். நாலு சரணத்துக்கு, திரும்பும் கோடு உள்ள பாரின் (இரண்டு குறுக்குக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியின்) பண்புகளில் வாசிக்கும் எண்ணிக்கையை 4 ஆக்கினால் போதும். டி.சி.யில் திரும்பிப் போன பிறகு உள்ளே இருக்கும் மறுவாசிப்புகளை அது வழக்கமாகச் செய்யாது. வேண்டுமென்றால் அந்தக் குறியின் பண்புகளில் அனுமதி கொடுக்க வேண்டும்.

6/8 பாட்டு. வேகம் 60 என்றுதான் போட்டேன், இழுத்து இழுத்து வாசிக்கிறது. (நெய்வேலி)

புள்ளி இல்லாத கால் நோட்டுக்கு 60 போட்டிருப்பீர்கள். அப்படியென்றால் புள்ளி வைத்த கால் நோட்டு நிமிடத்துக்கு 40தான் வரும். புள்ளி வைத்த கால் நோட்டு = 60 என்று மாற்றுங்கள்.

சார், கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். என் தாளைப் பார்த்து அப்படியே ஏற்றினேன். கீபோர்டு பகுதியோடு சேரவே இல்லை. (திருப்பாதிரிப்புலியூர்)

சாரெல்லாம் வேண்டாம் தம்பி, அக்கா என்றே கூப்பிடுங்கள். பியானோ ஸ்டாஃபில் ஏற்றியிருப்பீர்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியதை வாசித்தால் பி ஃபிளாட்தான் கேட்கும். வாத்தியத்தைச் சரியாகத் தேர்ந்து, நோட்டுகளை உண்மையில் ஒலிக்கும் சுரத்தில் காட்டும் 'கான்சர்ட் பிட்ச்' பொத்தானை அணைத்துவிட்டு, தாளில் உள்ளபடியே ஏற்றுங்கள். ஆல்டோ சாக்ஸுக்கும் இதே முறைதான். அதற்கு எழுதியதைவிட 9 அரைச்சுரம் கீழே ஒலிக்கும்.

கீர்த்தனையை ஸ்டாஃபில் எழுதினால் கமகத்தோடு வாசிக்குமா? (லாஸ்பேட்டை, வயலின் மாணவி)

வாசிக்காதம்மா. ஒவ்வொரு நோட்டையும் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்கலாம், ஒரு அரைச்சுரம் 100 சென்ட். ஆனால் ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்கு அசைந்து போகும் அந்த வழி இதில் வராது. அதை உங்கள் ஆசிரியர் வாசிக்கக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். தாளத்துக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மிஸ்ர சாபுவை 7/8 என்று வைத்து, 3+4 ஆகப் பிரித்து, மெட்ரோனோமை ஓடவிட்டு, வேகத்தைப் பாதியாக்கிப் பழகலாம்.

பழைய லேப்டாப். மியூஸ் சவுண்ட்ஸ் என்ற கூடுதல் ஒலித் தொகுப்பைப் போட்டதும் ஒலி விட்டுவிட்டு வருகிறது.

மிக்சரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மென்பொருளோடு வரும் எளிய ஒலியான எம்எஸ் பேசிக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒலியின் அழகு குறையும், நோட்டு சரியா என்று பார்க்க அது போதும்.

பாட்டு வரிகளையும் எழுதினேன். குரல் வைத்தும் வரிகளைப் பாடவில்லையே? (வில்லியனூர்)

பாடாது. குரல் ஒலி வெறும் உயிரொலியாகத்தான் வரும். இதனால் ஒரு சிக்கல் உண்டு, கவனியுங்கள். தமிழில் குறிலை நெடிலாக இழுத்தால் சொல்லே மாறிவிடும். நோட்டு சரியாக ஒலிக்கிறது என்ற நம்பிக்கையில் 'படு' என்பதன் முதல் எழுத்தை நீளமான நோட்டில் வைத்துவிட்டால், பாடும்போது அது 'பாடு' ஆகும். மென்பொருள் இதைக் காட்டிக் கொடுக்காது. அதனால் குழுவில் உச்சரிப்பு நன்றாக இருக்கிற ஒருவரை வைத்து, மெட்டு இல்லாமல் தாளத்தோடு வரிகளை மட்டும் சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். எம்பி3யோடு அதையும் சேர்த்தே அனுப்புங்கள்.