பழைய புல்லட்டுக்கு டிரெய்லர்: 300 பவுண்டு கொடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். என்னிடம் 1992 மாடல் புல்லட் 350 இருக்கிறது. முழு டேங்கோடு 168 கிலோ. கோடையில் மனைவியுடன் வேல்ஸ் போய்க் கூடாரம் அடித்துத் தங்க ஆசை. சாமான் ஏற்ற, ஒருவர் தன் வீட்டில் செய்த இரண்டு சக்கர டிரெய்லரை 300 பவுண்டுக்குத் தருகிறார். வெறும் வண்டி 45 கிலோ. "200 கிலோ ஏற்றலாம், பைக் கேரியரிலேயே மாட்டலாம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: கேரியரில் மாட்டலாம் என்று அவர் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கேரியர் பை வைக்கத்தான். இழுவை முழுவதும் சேசிஸில் விழ வேண்டும். அதற்கென்று தனி பிராக்கெட் செய்தாக வேண்டும்.

200 கிலோவை டிரெய்லர் தாங்கலாம், சட்டம் அனுமதிக்காது. பிரிட்டனில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்தான் டிரெய்லர் இழுக்கலாம்; அதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் டிரெய்லரும் சாமானும் சேர்ந்து 150 கிலோ, அல்லது பைக் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. உங்கள் கணக்கில் 112. டிரெய்லருக்கே 45 போனால் மிச்சம் 67 கிலோ. அகலம் 1 மீட்டருக்குள், பைக்கின் பின் அச்சிலிருந்து டிரெய்லரின் கடைசி வரை 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டில் செய்ததென்றால் டேப்போடு போய் நீங்களே அளந்துவிடுங்கள்.

இழுப்பதைப் பற்றிக் கவலை இல்லை, புல்லட் மெதுவாகவேனும் இழுத்துவிடும். நிறுத்துவதுதான் பாடு. இந்தச் சின்ன டிரெய்லர்களுக்குப் பொதுவாகச் சொந்த பிரேக் கிடையாது. பைக் 168, நீங்கள் இருவரும் ஒரு 140, டிரெய்லர் 112: மொத்தம் 420 கிலோ, வேல்ஸ் மலை இறக்கத்தில், பழைய டிரம் பிரேக்கை நம்பி! நானாக இருந்தால் சாமானை 40 கிலோவோடு நிறுத்திக்கொள்வேன். அப்புறம், கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பின்பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது கப்ளிங், அதாவது பைக்கோடு டிரெய்லரை மாட்டும் இணைப்பு. வளைவில் பைக் சாயும், இரண்டு சக்கர டிரெய்லர் சாயாது. அதனால் இணைப்பு நன்றாகச் சுழல வேண்டும். காருக்குப் போடும் உருண்டைக் கொக்கி கொஞ்சம் சாய்ந்ததும் முட்டிக்கொள்ளும். கப்ளிங் கழன்றாலும் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலியும் வேண்டும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் பேரிங் போயிருக்கும். டயர் ஓரத்து நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 1714 என்றால் 2014-இன் 17-ஆவது வாரம். பட்டன் தேயாமலே கிழமாகிப்போன டயர்கள் உண்டு.

டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், உங்கள் பைக் எண்ணே எழுதிய மஞ்சள் நம்பர் பிளேட் எல்லாம் தேவை. விளக்குகள் எல்இடியாக இருந்தால் பழைய வயரிங்குக்குப் பாரம் குறையும்.

விலைக்கு வருவோம். கடையில் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இவரைப் போன்ற தனி ஆளிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. சொன்னபடி பொருள் இல்லையென்றால் மட்டுமே வாதாட முடியும். "200 கிலோ" என்று எழுதிய விளம்பரமோ செய்தியோ இருந்தால் சேமித்து வையுங்கள். பிராக்கெட்டுக்கும் நல்ல கப்ளிங்குக்கும் ஆகும் செலவை 300-இல் கழித்துக் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டாலும், பணம் கொடுக்குமுன் இன்சூரன்ஸ்காரரிடம் டிரெய்லர் இழுக்கப்போவதைச் சொல்லி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.