பந்தைத் தள்ளுவது யார்?

அன்புள்ள சார்,

இந்த வருடம்தான் எங்களுக்கு இயற்பியல் தனிப் பாடமாக வந்திருக்கிறது. வகுப்பில் நடத்தும்போது எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம், எதை எங்கே போடுவது என்பதுதான் தெரியவில்லை. போன தேர்வில் ஒரு கேள்வி: நேர் மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? பூஜ்யம் என்று எழுதினேன், தப்பு என்று அடித்துவிட்டார்கள். அங்கே பந்து நின்றுவிடுகிறதே சார், அப்புறம் முடுக்கம் எப்படி இருக்கும்? எனக்கு இயற்பியல் வராது என்று முடிவு செய்துவிடலாமா? (பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வி கிடக்கட்டும், பந்துக்கு வருவோம். உங்கள் பிரச்சினை மொத்தமும் அந்தப் பந்துக்குள்தான் இருக்கிறது.

நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறீர்கள் என்று வையுங்கள். வசதிக்காகப் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8-க்குப் பதில் 10 என்று எடுத்துக்கொண்டு காற்றையும் மறந்துவிடுவோம். ஒரு நொடி கழித்து வேகம் 10, மேல்நோக்கி. இரண்டாம் நொடி முடிவில் 0, பந்து 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்றாம் நொடி முடிவில் மறுபடி 10, ஆனால் கீழ்நோக்கி. மேல்திசையை பிளஸ் என்று வைத்து வரிசையாக எழுதுங்கள்: 20, 10, 0, மைனஸ் 10. நொடிக்குப் பத்துப் பத்தாகக் குறைந்துகொண்டே வருகிறது, உச்சி வந்துவிட்டதே என்று அந்தக் குறைச்சல் ஒரு கணமும் ஓய்வெடுக்கவில்லை. முடுக்கம் கேட்பது திசைவேகம் எவ்வளவு என்பதை அல்ல, அது எந்த அளவில் மாறிக்கொண்டிருக்கிறது என்பதை. உச்சியில் இரண்டுமே பூஜ்யம் என்றால் பந்து திரும்பி வரக் காரணமே இல்லை, அந்தரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்!

இது புரிந்துவிட்டதா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் அடுத்த கேள்வியில்தான் நான் மாட்டினேன். பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசைகளைப் படம் போடுங்கள். உங்கள் வயதில் நான் இரண்டு அம்புக்குறி போட்டேன், கீழே புவியீர்ப்பு, மேலே 'எறிந்த விசை'. மேல் அம்பைப் பெரிதாக வேறு போட்டேன், பந்து மேலேதானே போகிறது என்று. ஆசிரியர் திட்டவில்லை. அந்த அம்பைத் தொட்டு, "இதைக் கொடுப்பது யார்?" என்று மட்டும் கேட்டார். கை என்றேன். "கை எங்கே இருக்கிறது?" என்றார். கை கீழேயே நின்றுவிட்டது, பந்து அதை விட்டு எப்போதோ போய்விட்டது. பதில் சொல்ல வாயில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. எறிகிறவன் பொருளுக்குள் ஏதோ ஒன்றை ஏற்றி அனுப்புகிறான், அது தீரும்வரை பொருள் போகிறது என்று 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் ஃபிலோபோனஸ் என்ற தத்துவ அறிஞர் எழுதியிருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புரிடான் என்ற தத்துவ அறிஞர் அதையே இன்னும் கூர்மையாக்கி, 'இம்பெட்டஸ்' என்று பெயரும் வைத்தார். சாதாரண ஆட்கள் இல்லை, அவர்கள் காலத்தின் பெரிய மூளைகள். பொருள் ஓடிக்கொண்டிருக்க எந்தத் தள்ளலும் வேண்டாம், ஓட்டம் மாறத்தான் விசை வேண்டும் என்பது இன்று நாம் படிக்கும் விதிகளின் வடிவில் அச்சில் வர, நியூட்டனின் 'பிரின்சிபியா' நூல் வெளியான 1687 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பந்து சுமந்துகொண்டு போவது உண்மையில் உந்தம், நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது. அதைத்தான் நாம் விசை என்று தப்பாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்.

வகுப்பில் புரிந்தது வீட்டில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் தலை காலிப் பாத்திரம் இல்லை, அதற்குள் ஏற்கெனவே ஒரு பழைய இயற்பியல் குடியிருக்கிறது. நடந்து, விழுந்து, எறிந்து, தள்ளி நீங்களே கற்றது. தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும் என்பது அதன் முதல் விதி. உராய்வு கண்ணுக்குத் தெரியாததால் அந்த விதி பொய் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ஆசிரியர் பேசும்போது அது வாயை மூடிக்கொண்டு இருக்கும். நீங்கள் தனியாக உட்கார்ந்ததும் பேனாவை வாங்கிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிடும்.

அதனால் சூத்திரத்தைத் தேடும் முன் படம் போடுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் "யார், யார் மேல்" என்று எழுதுங்கள். பூமி, பந்தின் மேல். மேஜை, புத்தகத்தின் மேல். கொடுப்பவர் பெயர் எழுத முடியாத அம்பை அடித்துவிடுங்கள், அது பழைய ஆள் போட்டது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்கிற நியூட்டனின் மூன்றாம் விதியில் எல்லோரும் வழுக்கும் இடமும் இதில் சரியாகிவிடும். மேஜைமேல் புத்தகம் இருக்கிறது, புத்தகத்தின் எடையும் மேஜை மேல்நோக்கித் தள்ளுவதும் வினை, எதிர்வினை ஜோடியா? இல்லை, இரண்டுமே புத்தகத்தின் மேல்தான் செயல்படுகின்றன. 'பூமி, புத்தகத்தின் மேல்' என்பதைத் திருப்பிப் போட்டால் 'புத்தகம், பூமியின் மேல்'. அதுதான் அதன் ஜோடி. ஆமாம், உங்கள் புத்தகமும் பூமியை அதே அளவு விசையோடுதான் இழுக்கிறது, பூமி அசங்குவது தெரியாது, அவ்வளவுதான்.

மனப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. 'வி ஈக்வல் டு யு பிளஸ் ஏடி' முதலான அந்த மூன்று சமன்பாடுகளும் முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டும் செல்லும். அந்த நிபந்தனையை விட்டுவிட்டுச் சூத்திரத்தை மட்டும் உருப்போட்டால், சுருள்வில்லில் ஆடும் எடைக்கும் அதையே போடுவீர்கள், அங்கே முடுக்கம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. விடை வந்ததும் அலகைப் பாருங்கள். தூரம் கேட்ட இடத்தில் 'மீட்டர் பெருக்கல் நொடி' என்று வந்தால் எங்கேயோ சறுக்கியிருக்கிறீர்கள். அப்புறம், எடுத்துக்காட்டுக் கணக்குகளை வாசிப்பது படிப்பு ஆகாது. விடையை மூடி வைத்துவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள், எரிச்சலாகத்தான் இருக்கும்.

மற்றபடி, இயற்பியல் வருமா வராதா என்று நான் எப்படிச் சொல்ல? ஆனால் "பிறகு எப்படி முடுக்கம் இருக்கும்" என்று அடித்துக் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், மதிப்பெண் போனது போகட்டும் என்று விட்டுவிடாமல், அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு கணக்கு தருகிறேன். ஒரு லிஃப்ட் சீரான வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரே கம்பி, உராய்வு கிடையாது. கம்பி இழுக்கும் விசை லிஃப்டின் எடையைவிட அதிகமா, சமமா, குறைவா? முதலில் மனதில் பட்டதை எழுதுங்கள், அப்புறம் படம் போட்டு விடை கண்டுபிடியுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் இரண்டையுமே எனக்கு அனுப்புங்கள்.