வேலூரில் காவல் நிலையங்களை வெளியாட்கள் யாராவது ஆய்வு செய்கிறார்களா?

முழுச் சுதந்திரமான ஆய்வு இல்லை. காட்பாடியோ குடியாத்தமோ, நிலையத்தை ஆய்வு செய்ய வருபவர் டி.எஸ்.பி., எஸ்.பி., அல்லது வேலூர் சரக டி.ஐ.ஜி. எல்லாருமே துறைக்காரர்கள். பதிவேடுகள், நிலுவை வழக்குகள், துப்பாக்கிகள், பிடித்து வைத்த வண்டிகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆனால் புகார் கொடுக்க வந்தவரை சி.எஸ்.ஆர். ரசீதுகூட (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) இல்லாமல் திருப்பி அனுப்பியிருந்தால், அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. என் கவலையே அதுதான்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1856 முதலே தனி ஆய்வாளர்கள் உண்டு. இன்று அந்த அமைப்பு போலீசுக்கு வந்த அழைப்பிலிருந்து தொடங்கி, எப்படிப் பேசினார்கள், வழக்காகப் பதிந்தார்களா, விசாரணை எப்படி முடிந்தது என்று கோப்புக் கோப்பாகப் பார்க்கிறது. பிறகு ‘மிகச் சிறப்பு’ முதல் ‘போதாது’ வரை தரம் போட்டு அறிக்கையைப் பொதுவில் வைக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

2006-ல், போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தொடுத்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் செயல்பாட்டை மதிப்பிட மாநிலப் பாதுகாப்பு ஆணையமும், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் புகார் ஆணையங்களும் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது; ஆனால் புகார் ஆணையத்துக்குத் தலைவர், மாநில அளவில் உள்துறைச் செயலாளர், மாவட்டத்தில் கலெக்டர். இதைச் சுதந்திரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போதைக்கு, காவல் நிலையத்தில் தீராத புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடி, மிரட்டல் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஓராண்டுக்குள் எழுதுங்கள்.