நேபாளம், மகள், மருமகள் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். தலைப்பு, ‘நேபாள அரசியலில் பெண்கள்’. 2025 செப்டம்பரில் இளைஞர் போராட்டத்துக்குப் பிறகு சுஷிலா கார்க்கி பிரதமரானபோது வந்த எண்ணம் இது. குடியரசுத் தலைவர், சபாநாயகர், தலைமை நீதிபதி, பிரதமர் என்று அங்கே எல்லா நாற்காலியிலும் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாடாளுமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நாம் ஏன் இவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. சௌபதி (மாதவிலக்குக் குடிசை) பற்றிச் செய்தால் கட்டுரைகள் சீக்கிரம் வெளிவரும் என்கிறார் என் நெறியாளர். எல்லாம் விதிப்படி என்ற நம்பிக்கைதான் நேபாளத்துக்குத் தடை என்று மானிடவியலாளர் டோர் பகதூர் பிஸ்தா சொன்ன விதிவாதம் இன்றைக்கும் பொருந்துமா? நான் எங்கிருந்து தொடங்கலாம்? எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

எம்.

அன்புள்ள எம்.,

கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வருகிறவர்கள் கேள்வியோடு மன்னிப்பையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வேறொரு காரணத்தால் நானும் கொஞ்ச நாளாக நேபாளத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடனே பதில் எழுத அதுதான் காரணம்.

ஆனால் அந்த ‘வெட்கமாக இருந்தது’ எரிச்சலூட்டியது. நாற்காலிகளை எண்ண ஆய்வாளர் எதற்கு, செய்தித்தாள் போதுமே. எண்ணித்தான் தீருவேன் என்றால் கீழ்ப்படி வரை எண்ணுங்கள். 2017 உள்ளாட்சித் தேர்தலில் 753 இடங்களில் தலைவரான பெண்கள் 18 பேர். துணைத் தலைவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தும் கட்சி அதில் ஒருவரைப் பெண்ணாக நிறுத்த வேண்டும் என்பது சட்டம். எந்தப் பதவியைப் பெண்ணுக்குத் தள்ளுவது என்பதில் மட்டும் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே கொள்கை. 2022-இல் கூட்டணி வைத்து ஆளுக்கொரு பதவியாகப் பிரித்துக்கொண்டு, அந்தச் சட்டத்துக்கும் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். தலைவரான பெண்கள் 25 ஆனார்கள், துணைத் தலைவரான பெண்கள் குறைந்துபோனார்கள்.

சௌபதி வேண்டாம். அச்சாம் மாவட்டத்துக் குடிசை வாசலில் ஒரு பெண்ணை உட்கார வைத்துப் படமெடுக்காத ஆய்வாளர் குறைவு. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது, 2018-இலிருந்து அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம், அதன் பிறகும் நடக்கிறது. கொடுமைதான், பெண்கள் செத்திருக்கிறார்கள். ஆனால் சீக்கிரம் அச்சாகும் என்பதற்காக ஒருவர் இதைக் கையில் எடுத்தால் எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் நெறியாளரிடம் இதைச் சொல்ல வேண்டாம், சம்மதம் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெற்கு நேபாளத்துச் சித்வனில், நாராயண்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு பாஹுன் (மலைப் பிராமணர்) குடும்பத்தோடு தசைங் பண்டிகைக்கு இருந்திருக்கிறேன். மலையிலிருந்து தராய்ச் சமவெளிக்கு இறங்கிவந்து குடியேறியவர்கள். பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். விஜயதசமி அன்று அரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் பிசைந்த டீகாவை ஒவ்வொருவர் நெற்றியிலும் கெட்டியாக அப்பி, இருட்டில் மஞ்சளாக முளைக்கவைத்த ஜமராவைக் காதோரம் செருகிவிட்டார். மகனும் மருமகளும் அவர் காலில் விழுந்தார்கள். மகளின் முறை வந்தது. டீகா வைத்து, கையில் தட்சிணை கொடுத்துவிட்டு, அந்த வயதான மனிதர் குனிந்து மகளின் பாதத்தில் நெற்றியை வைத்தார். அடுத்தது அவளுடைய பையன், பதினேழு வயது. அவன் காலில் தாய்மாமன் குனிந்தார். நம்மூரில் தாய்மாமனுக்குத்தான் மாலையும் மரியாதையும். அங்கே அப்படியே தலைகீழ். பிறந்த வீட்டுக்கு மகள் தெய்வம், அவள் பிள்ளையும் தெய்வம். பையன் நெளிந்துகொண்டே பாதத்தை நீட்டினான்.

சாயங்காலம் அவனோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அவன் ஃபோனில் இருந்த சிம் மாமா பேரில் வாங்கியது. அவனுக்கு நாகரிக்தா கிடையாது. பதினாறு வயது முடிந்ததும் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் வாங்குகிற குடியுரிமைச் சான்று அது. அது இல்லாமல் பாஸ்போர்ட் எடுக்க முடியாது, ஓட்டுநர் உரிமம் வாங்க முடியாது, நிலத்தைத் தன் பேரில் பதிய முடியாது. அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் ரக்ஸௌல்காரர், பையன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். வார்டு அலுவலகத்தில் சிஃபாரிஸ் (பரிந்துரை) கடிதம் கேட்கப் போனால் முதல் கேள்வியே அப்பாவின் காகிதம் எங்கே என்பதுதான். அதே வீட்டு மருமகள் சிலிகுரியில் பிறந்தவள், இந்தியக் குடிமகளாக இருந்தவள். கல்யாணத்தைப் பதிந்து, இந்தியக் குடியுரிமையை விடுவதற்கான வேலையைத் தொடங்கியதற்கு ஆதாரம் காட்டினாள். நாகரிக்தா வந்துவிட்டது. அதை அவள் அந்தப் பையனிடம் காட்டிக்கொள்வதில்லை, பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள்.

நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். நான் என்றால் அந்தப் பெட்டியிலிருந்து தொடங்குவேன்.

அமெரிக்க மானிடவியலாளர் லின் பென்னெட் 1983-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, தேடிப் படியுங்கள். மலைப்பகுதி பாஹுன்-சேத்ரி (பிராமண, சத்திரிய) வீடுகளில் மகளும் சகோதரியும் புனிதமானவர்கள், மனைவி ஆபத்தானவள் என்பதை அவர் சடங்கு சடங்காகக் காட்டுகிறார். வெளியிலிருந்து வருகிறவள் அண்ணன் தம்பிகளைப் பிரித்துவிடுவாள் என்ற பயம். ஆனால் வம்சம் அவள் வழியாகத்தான் தொடர வேண்டும். மகளோ பூஜைக்குரியவள், போகப்போகிறவள், அவள் பிள்ளைகள் வேறு வீட்டு வம்சம்.

இதை வைத்துக்கொண்டு 2015 அரசியலமைப்பின் குடியுரிமைப் பகுதியைப் படித்துப் பாருங்கள். நேபாளி ஆணைக் கட்டிய வெளிநாட்டுப் பெண் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நேபாளிப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டு ஆணுக்கு அப்படி ஒரு வழியே இல்லை. அவளுடைய பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை கிடையாது, விண்ணப்பித்துப் பெறுகிற இரண்டாம் தரக் குடியுரிமைதான், அதுவும் அரசு மனம் வைத்தால். அது கிடைத்தாலும் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி பதவிகளுக்கு வர முடியாது. அப்பா யாரென்று தெரியாத பிள்ளைக்கு அம்மா வழியில் கிடைக்கலாம். ஆனால் அப்பா வெளிநாட்டவர் என்று பிறகு தெரியவந்தால் அதுவும் தரம் இறங்கிவிடும். அந்தச் சித்வன் வீட்டு முறையை ஒரு குமாஸ்தா உட்கார்ந்து சட்டமாக எழுதியது போல இருக்கும். வெளியிலிருந்து வந்த மருமகளுக்குக் கதவு திறக்கும், மகளின் பிள்ளை திண்ணையோடு நிற்க வேண்டும்.

சொத்து விஷயமும் இந்தக் கதைதான். 1975-இல் சட்டத்தைத் திருத்தியபோது, 35 வயது வரை கல்யாணம் ஆகாமல் இருந்தால் மகளுக்குப் பங்கு உண்டு என்றார்கள். 2002-இல் பிறந்ததுமே பங்கு கொடுத்தார்கள், கல்யாணமானால் திருப்பித் தரச் சொன்னார்கள். அதையும் 2006-இல்தான் எடுத்தார்கள். சொத்தில் இறங்கிவர முப்பது வருடம் பிடித்தது, குடியுரிமையில் இன்னும் முழுதாக இறங்கிவரவில்லை.

இப்போது உங்கள் நாற்காலிகளுக்கு வருகிறேன். 2015 செப்டம்பரில் அரசியலமைப்பு வந்தது. அடுத்த மாதமே வித்யா தேவி பண்டாரி குடியரசுத் தலைவர், ஒன்சரி கர்த்தி மகர் சபாநாயகர். 2016-இல் சுஷிலா கார்க்கி தலைமை நீதிபதி. இந்தக் காகித விவகாரம் அப்படியே இருந்தது. 2022-இல் குடியுரிமைத் திருத்த மசோதா பண்டாரியின் மேஜைக்குப் போனது. அப்பா யாரென்று தெரியாத பிள்ளைக்கு அம்மாவின் சொந்த உறுதிமொழியே போதும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. முதலில் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றாமல் மறுபடி அனுப்பியது, கெடுவுக்குள் கையெழுத்துப் போடவில்லை. 2023 மே மாதக் கடைசியில் கையெழுத்திட்டவர் அவருக்குப் பின் குடியரசுத் தலைவரான ராம் சந்திர பௌடேல், ஓர் ஆண். இதை வைத்துப் பெண்கள் பதவிக்கு வருவதால் பயனில்லை என்று எழுதிவிடாதீர்கள், அது சோம்பேறித்தனம். பண்டாரி எந்தக் கட்சியில் வளர்ந்தார், அந்தக் கட்சி எந்தப் பயத்தில் வளர்ந்தது என்று பாருங்கள். இந்திய மாப்பிள்ளை வந்தால் நாடே போய்விடும் என்ற பயம் அது. 1975-இல் இந்தியா சிக்கிமை எடுத்துக்கொண்டதைச் சொல்லாமல் இந்த விவாதம் காட்மாண்டுவில் நடப்பதே இல்லை. நாம் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சிரித்துத் தள்ளுவது சுலபம்.

மதேசத் தலைவர்களையும், அதாவது இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளி மக்களின் தலைவர்களையும், நான் விடமாட்டேன். பீகாரோடு ரோட்டி-பேட்டி உறவு (உணவும் பெண்ணும் கொடுத்து வாங்குகிற உறவு), மருமகள்கள் எல்லை தாண்டித்தான் வருகிறார்கள் என்று சண்டை போட்டார்கள், நியாயம்தான். 2020-இல் வெளிநாட்டு மருமகள் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற யோசனையை நாடாளுமன்றக் குழு ஏற்றபோது பெரிய எதிர்ப்பே கிளம்பியது. இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தியது மருமகளைப் பற்றி. மகளைப் பற்றிப் பேசியது கொஞ்சம் பெண்களும், அம்மாவோடு நீதிமன்ற வாசலில் நின்ற பிள்ளைகளும்தான். 2011-இல் தோலகா மாவட்டத்து இளம்பெண் ஒருத்திக்கு அம்மா வழியில் சான்று கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் வார்டு வார்டாக அதே கேள்விதான்.

உங்கள் துறையில் இதை வெட்டிப் பங்கு போட்டுவிடுகிறார்கள். சடங்கு என்றால் மானிடவியல், சட்டம் என்றால் அரசியல், பெண்கள் என்றால் பாலினக் கல்வி. ஒருவர் அறைக்கு ஒருவர் போவதில்லை. நீங்களாவது போங்கள்.

இந்தியா பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இங்கேயும் 1992 வரை அப்பா வழியாகத்தான் குடியுரிமை வந்தது. ஆகவே வெட்கமும் வேண்டாம், பெருமையும் வேண்டாம்.

இந்தத் தலைப்பு பெரிதாகத் தெரிந்தால் சின்னதாக ஒன்று சொல்கிறேன். உள்ளாட்சித் துணைத் தலைவர்தான் அங்கே நீதிக்குழுவுக்குத் தலைமை. வாய்க்கால் தண்ணீர், தராத கூலி, காணாமல்போன மாடு, பக்கத்து வீட்டில் விழுகிற கூரைத் தண்ணீர், வயதான பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் எல்லாம் அவர் முன்னால்தான் வரும். கணவன் மனைவி பிரிகிற வழக்கில் சமரசமும் பேசலாம். தலைவர் நாற்காலி கிடைக்காத பெண்கள் கையில் இது வந்து விழுந்திருக்கிறது. ஒரு வருடம் ஓர் ஊரில் உட்கார்ந்து பார்த்தால் நல்ல ஆய்வு கிடைக்கும். அதற்கு நேபாளி தெரிய வேண்டும். இந்தி தெரிந்தால் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள்.

பிஸ்தாவைப் பற்றி நான் பதில் சொல்லவில்லை. நேபாளத்தின் முதல் மானிடவியலாளர், ஜும்லா பக்கம் போய்த் தங்கி வேலை செய்தவர், 1990-களின் நடுவில் காணாமல்போய் இன்றுவரை தகவல் இல்லாதவர். அவரை ஒரு பத்தியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை, வேறொரு நாள் எழுதுகிறேன். அதற்குள் முதல் அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள்.