சேர்ந்து ஜெபிக்க உட்கார்ந்தால் சண்டை வருகிறதா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இருவருமே விசுவாசிகள்தான், தனித்தனியாக ஜெபிக்கிறோம். சேர்ந்து ஜெபித்தால் என் கணவர் இரண்டே வரியில் ஆமென் சொல்லிவிடுகிறார். நான் ஜெபித்தால், "என்னைக் குறை சொல்லத்தானே ஜெபம் பண்ணுகிறாய்" என்கிறார். கடைசியில் விட்டுவிட்டோம். மறுபடி எப்படித் தொடங்குவது?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொன்ன அந்தக் குறையிலிருந்தே தொடங்கலாம். "ஆண்டவரே, இவருடைய கோபத்தை மாற்றும், இவருக்குப் பொறுப்பைக் கொடும்" என்று அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபித்தால், அது அவர் காதில் புத்திமதியாகத்தான் விழும். பதில் பேசவும் அவருக்கு வழியில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். சொல்லியே ஆக வேண்டிய குறை இருந்தால் வேறொரு நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஜெபத்தில் உங்கள் பங்கை மட்டும் அறிக்கை செய்யுங்கள்: "நேற்று நான் கடுமையாகப் பேசிவிட்டேன், என்னை மன்னியும்." மனைவி இப்படிச் சொல்வதைக் கேட்கும் கணவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய அவசியம் குறைகிறது. ஜெபம் தம்பதிகளை நெருக்கமாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது, அந்த இரண்டு வரி. அதைக் குறையாக நினைக்காதீர்கள். அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்று எண்ணவேண்டாம் என்று சொன்ன கையோடுதான் இயேசு பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தார் (மத்தேயு 6:7-13). சபையில் சரளமாக ஜெபிப்பவரைப் பார்த்துப் பார்த்து, தனக்கு அது வராது என்று ஒதுங்குபவர்கள் நிறையப் பேர். அவர் சுருக்கமாக ஜெபித்தால் நீங்களும் சுருக்கமாக ஜெபியுங்கள். வார்த்தையே வராத நாளில் ஒரு சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிக்கலாம். 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள்தான். "எதுவரைக்கும்" என்ற புலம்பலில் தொடங்கி நம்பிக்கையில் முடிகிறது. களைத்துப்போன இருவருக்கு அதுவே போதும்.

ஜெபிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு உங்களுக்காக எதைக் குறித்து ஜெபிக்கட்டும்?" அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டு, அதை மட்டும் ஜெபியுங்கள். அப்புறம் அவர் உங்களுக்காக ஜெபிக்கட்டும். வேலையில் இருக்கும் பயம், பெற்றோரின் உடல்நிலை பற்றிய கவலை என்று சாதாரணப் பேச்சில் வெளிவராதவை இந்தக் கேள்விக்குப் பதிலாக வரும். இரண்டு மூன்று நாள் கழித்து "அந்த விஷயம் என்ன ஆயிற்று?" என்று கேட்கவும் மறக்காதீர்கள். தன் பாரத்தை இன்னொருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்று தெரிவது பெரிய ஆறுதல். ஈசாக்கு பிள்ளையில்லாத ரெபெக்காளுக்காக வேண்டுதல் செய்தார் (ஆதியாகமம் 25:21). மணமுடித்தபோது அவருக்கு வயது 40, பிள்ளைகள் பிறந்தபோது 60. அந்த இருபது ஆண்டுக் குறையை மனைவியின் குறையாக மட்டும் விட்டுவிடாமல், அவர் தன் வேண்டுதலாக்கிக்கொண்டார்.

சண்டை போட்ட இரவில் என்ன செய்வது? முதலில் சமாதானம், பிறகு ஜெபம். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பதுதான் இயேசு சொன்ன வரிசை (மத்தேயு 5:23-24). சேர்ந்து ஜெபித்தால் மணவாழ்வு பலப்படும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். பேதுரு மறுபக்கத்தையும் காட்டுகிறார்: "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" மனைவிக்குரிய கனத்தைச் செய்யுங்கள் என்று கணவர்களுக்கு எழுதுகிறார் (1 பேதுரு 3:7). பகலில் மரியாதை இல்லாத வீட்டில் இரவு ஜெபம் மட்டும் தனியாக எதையும் சரிசெய்துவிடாது. பணப் பிரச்சினை, பிள்ளை வளர்ப்பு போன்றவற்றை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். அடியோ மிரட்டலோ இருந்தால், "இன்னும் ஜெபியுங்கள்" என்ற ஆலோசனையோடு நிற்காமல், பாதுகாப்பான இடத்தையும் நம்பகமான உதவியையும் உடனே தேட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஜெபத்துக்காகத் தம்பதிகள் சிலகாலம் பிரிந்திருப்பதற்குக்கூட இருவரின் சம்மதமும் வேண்டும் என்றுதான் பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:5). இப்போதைக்கு வாரத்தில் ஒரு நாள், தூங்கப் போகும் முன் இரண்டு நிமிடம் என்று கேட்டுப் பாருங்கள். நாளையும் நேரத்தையும் அவரே சொல்லட்டும்.