மீன் வெட்டும் கத்திக்குத் தண்ணீர்க் கல்

கேள்வி: கல்முனையில் வீட்டிலிருந்தே சாப்பாடு சமைத்து விற்கிறேன். தினமும் மீன் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்றுள்ள தண்ணீர்க் கல் ஒன்றை ஒன்லைனில் வாங்கினேன். இரண்டு பக்கத்திலும் தேய்த்துவிட்டேன். கத்தி பளபளக்கிறது, ஆனால் பாரையின் தோலில் வழுக்குகிறது. கல் சரியில்லையா? எண்ணெய் விட்டுத் தீட்டலாமா?

பதில்: கல்லைக் குறை சொல்ல மாட்டேன். இந்த எண்கள் துகளின் அளவைக் காட்டுபவை, எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். 1000 பக்கத்தில் வேலை முடியும் முன்பே 6000க்குத் தாவியிருப்பீர்கள். அதனால்தான் மினுக்கம் வந்தும் கூர் வரவில்லை.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். இந்தக் கற்களில் துகள்கள் இறுக்கமில்லாமல்தான் பிணைந்திருக்கும். தீட்டத் தீட்டத் தேய்ந்த துகள் உதிர்ந்து புதுத்துகள் மேலே வரும். கல்லின் மேல் சேரும் சேறும் அறுக்க உதவும், அதை அடிக்கடி கழுவிவிடாதீர்கள். எண்ணெய் உள்ளே இறங்கினால் துளைகள் அடைபட்டுப் போகும்.

கல்லைத் தண்ணீரில் போட்டதும் குமிழி வந்தால், அது நிற்கும்வரை ஊற விடுங்கள். பத்து நிமிடம் அளவில் போதும். குமிழி வராத கல்லுக்கு மேலே தண்ணீர் தெளித்தால் சரி. ஷாப்டன் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கற்கள் போன்றவற்றை ஊறப்போடவே கூடாது.

கத்தியைச் சாய்க்கும் கோணம் 15 முதல் 20 பாகைக்குள் இருக்கட்டும். அலகு 5 சென்ரிமீற்றர் அகலம் என்றால், முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும். விளிம்பில் மார்க்கர் பேனையால் கோடு பூசிவிட்டு நாலு தரம் தேய்த்துப் பாருங்கள். வெட்டும் ஓரத்தில் மை அழியாவிட்டால் கத்தியை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

இனி முக்கியமான இடம். ஒரு பக்கத்தைத் தீட்டும்போது, மறுபக்க விளிம்பில் மெல்லிய உலோகப் பிசிறு எழும். பெருவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளிப்பக்கமாக மெதுவாக வழித்தால் அது தட்டுப்படும் (விளிம்பு நெடுக விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும்). அந்தப் பிசிறு அடியிலிருந்து நுனிவரை தொடர்ந்து தட்டுப்படும்வரை கத்தியைத் திருப்பாதீர்கள். நன்றாக மழுங்கிய கத்தி என்றால் ஒரு பக்கத்துக்கே 10 நிமிடம் போகலாம். எத்தனை தரம் தேய்ப்பது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் கத்தி கூராவதில்லை.

மறுபக்கமும் அதேபோல் பிசிறு வந்தபின் அழுத்தத்தைக் குறைத்து, ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் லேசாக இழுங்கள். பிசிறு முழுதாக விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கு நன்றாக வெட்டும், மறுநாளே மொட்டையாகிவிடும். மலிவான ஸ்டெயின்லெஸ் கத்தியில் பிசிறு லேசில் விடாது. இரும்புக் கத்தியில் சட்டென்று போய்விடும்.

மீனுக்கு நான் 1000த்தோடு நிறுத்திவிடச் சொல்வேன். அந்தக் கூரில் கண்ணுக்குத் தெரியாத சிறுபற்கள் இருக்கும், தோலைப் பிடித்து அறுப்பவை அவைதான். தக்காளிக்கும் அப்படியே. 6000 பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தாலும் அந்தப் பற்கள் மழுங்கிவிடும். எலும்பில்லாத சதையை மெல்லிய துண்டுகளாகச் சீவுவதற்கு அந்தப் பக்கம் நல்லது.

சூரை முள்ளில் கொத்தியோ தேங்காய் உடைத்தோ விளிம்பு பல்லுப்பல்லாகப் போயிருந்தால் 1000 அதற்குப் பத்தாது. 220 முதல் 400 வரையான கல் தேவை, அல்லது ஹாட்வெயார் கடையில் விற்கும் சாம்பல் நிறக் கார்போரண்டம் கல்லிலேயே தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். மின்சாரச் சக்கரத்தில் பிடிக்கக் கொடுப்பதானால் பக்கத்தில் நில்லுங்கள். விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விடும்.

கல் நடுவில் குழிந்தால் கோணம் நிற்காது. பென்சிலால் கல்லின்மேல் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடியில் விரித்த, நனைத்துத் தேய்க்கும் கறுப்புச் சாண்ட் பேப்பரில் கோடுகள் மறையும்வரை உரசுங்கள். பிறகு கல்லை நிழலில் காயவையுங்கள். நம்மூர் வெயிலில் வைத்தால் வெடிப்பு விழலாம். கடற்காற்றும் உப்புக் கிணற்று நீரும் கல்லை ஒன்றும் செய்யாது. இரும்புக் கத்தியை மட்டும் உடனே துடைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். அடுத்த முறை தீட்டும் முன் அந்த எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.